காருக்குச் செஞ்ச தாய்மாமன் சீர்

எனக்கு எதையும் பிரிக்கத் தெரியும். மாட்டத்தான் தெரியாது. இதை நானா ஒத்துக்கிறதுக்கு அம்பது வயசு ஆயிருச்சு. என் சம்சாரம் செல்விக்குக் கல்யாணம் ஆன மறுமாசமே தெரிஞ்சிருச்சு. அவ அம்மா வீட்டுலேர்ந்து கொண்டுவந்த மிக்ஸியில ஏதோ சத்தம் வருதேன்னு நான் தொறந்து பாத்தேன். (சத்தம் நின்னுருச்சு. மிக்ஸியும் நின்னுருச்சு.)

திருமயத்துல தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மிஷின்ல பேப்பர் சிக்கிக்கிட்டா யாரையும் கூப்பிடமாட்டேன், நானே தொறந்து உருவி எடுத்துருவேன். இந்த ஒரு தகுதியை வச்சுக்கிட்டு, எங்கப்பா விட்டுட்டுப் போன அம்பாசடர் காருக்கு நானே மெக்கானிக்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

பொறந்தப்ப அது வெள்ளைக் கலரு. இப்ப ஆறிப்போன டீ கலரு. டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளேர்ந்து தொறக்காது. கண்ணாடியை எறக்கி, கையை வெளிய விட்டு, வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருகணும். எதிர்ப்பக்கக் கதவு அதுக்கு நேர்மாறு, ஸ்பீடு பிரேக்கர் வந்தா தானாத் தொறந்து வழி விடும். வைப்பருக்குத் தனி சுவிட்சு இருந்துச்சு. நான் ஒருதடவை வயரிங் பாத்ததுக்கு அப்புறம் ஹார்ன் அடிச்சாத்தான் வைப்பர் ஓடும். (இதை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.)

ஞாயித்துக்கெழமை ஆனா ஊரே கறி எடுக்கப் போகும். நான் காருக்கு அடியில போயிருவேன். வெளிய ரெண்டு காலு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க என் பாதத்தைப் பாத்தே பேசிப் பழகிட்டாங்க. பக்கத்துல செல்போன்ல ஒரு வடநாட்டு மெக்கானிக்கு இந்தியில பாடம் நடத்திக்கிட்டு இருப்பாரு. எனக்கு இந்தி தெரியாது. ஆனா அவரு கையைப் பாத்தே புரிஞ்சுக்குவேன்னு ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு வாரமும் வேலை முடிஞ்சு பாத்தா போல்ட்டும் நட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதையெல்லாம் ஒரு ஊறுகா பாட்டில்ல போட்டு வைப்பேன். பாட்டில் நெறைஞ்சிருச்சு. காரும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்ப அந்தப் போல்ட்டெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்கு வச்சதா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

செல்வி அந்தக் காருக்கு வச்ச பேரு 'அக்கா'. எனக்கு மூத்த சம்சாரம் அதுதானாம்.

"ஏங்க, அக்காவுக்கு இன்னைக்கு ஒடம்புக்கு என்ன?"

"கார்புரேட்டர்ல தூசி."

"எனக்கு ரெண்டு நாளா இடுப்பு புடிச்சிருக்கு. அதுக்கும் அந்த இந்திக்காரன் ஏதாவது வீடியோ போட்டிருந்தா பாருங்க."

பழைய இரும்புக்குப் போட்டுட்டு அந்த எடத்துல துணி காயப்போட கொடி கட்டணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை.

இப்படி இருக்கையிலதான் என் தங்கச்சி வள்ளி மகளுக்குக் காதுகுத்து வச்சாங்க. இது நடந்து ஏழெட்டு வருசம் இருக்கும். புள்ள பேரு கயல், அப்ப மூணு வயசு.

எங்க பக்கத்துல காதுகுத்துன்னா தாய்மாமன் மடியிலதான் புள்ளைய உக்கார வச்சுக் குத்தணும். தோடும் அவன்தான் கொண்டு போகணும். பாவாடை சட்டை, பழம், தேங்கா, மஞ்சள், சோப்பு, சீப்புன்னு தட்டுத் தட்டாச் சீரு எடுத்துக்கிட்டு மேளத்தோட போய் எறங்கணும். மத்த நாள்ல எவ்வளவு உதவாக்கரையா இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் தாய்மாமன்தான் ராஜா. எனக்குக் கெடைச்ச ஒரே ராஜ்ஜியம் அது. அதுக்குள்ள பஸ்ல போய் எறங்க மனசு வருமா?

வள்ளி போன்லயே சொன்னா: "அண்ணே, வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும். அவரு மறுநாளே சவுதிக்குக் கெளம்புறாரு, தள்ளியும் வைக்க முடியாது. நீங்க எதுல வேணா வாங்க, கார்ல மட்டும் வராதீங்க."

"எதுல வேணா வாங்க"ங்கிற வரைக்கும் என் காதுல விழுந்துச்சு.

இன்னொரு விசயமும் இருந்துச்சு. எங்க சித்தப்பா மகன் கணேசன். என்னைவிட வயசுல சின்னவன், எல்லாத்துலயும் பெரியவன். புதுக்காரு வாங்கியிருந்தான். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். நான் லேட்டாப் போனா அந்த மடி காலியா இருக்காது, அவன் மடியை நீட்டிருவான். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஒரு வாரம் முன்னாடியே வேலையில எறங்கிட்டேன். ரேடியேட்டருக்குள்ள சோப்புத்தூளக் கரைச்சு ஊத்தி, ஓசு போட்டு அடிச்சேன். உள்ளேர்ந்து செங்கல் பொடிக் கலர்ல கொழம்பு மாதிரி வந்துச்சு. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடல. பெட்ரோல் டேங்க்குக்கு அடியில துருவெல்லாம் உப்புத்தாள் வச்சு தேச்சு, தகடு பளிச்சுன்னு ஆயிருச்சு. எனக்குப் பெருமை தாங்கல. செல்வி வந்து கீழ ஓடுற அழுக்குத் தண்ணியைப் பாத்தா.

"ஏங்க, இதுல பாதி அழுக்கு, பாதி அக்காவோட ஒடம்பா இருக்கப் போவுது."

"ஒனக்கு என்ன தெரியும்?"

(எனக்கு என்ன தெரியும்னு அவ திருப்பிக் கேக்கல. பெரிய மனசு.)

அன்னைக்குக் காலையில சொந்தக்காரங்களை எல்லாம் வேன்ல முன்னாடி அனுப்பிட்டேன். சீர்த்தட்டு மட்டும் என் கார்லதான் வரும்னு அடம்புடிச்சு, பின் சீட்டுல அடுக்கிக்கிட்டேன். பட்டுவேட்டி, பட்டு அங்கவஸ்திரம், சட்டைப்பையில தங்கத்தோடு. செல்வி ஏறுறதுக்கு முன்னாடி கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"ஒரு பேச்சு. பத்தரைக்கு முன்னாடி இவ கோயில் வாசல்ல போய் நின்னா, இனிமே நான் வாயத் தொறக்கல. நிக்கலைன்னா நாளைக்கே பழைய இரும்புக்கடைக்கு. சரியா?"

"சரி," ன்னேன். ஏழு மணிக்கு வீட்டுலேர்ந்து கெளம்புற எவனும் அப்படித்தான் சொல்லுவான். வள்ளி ஊரு ஆவுடையார்கோவில் தாண்டி. ஊருக்கு வெளிய அய்யனார் கோயில்லதான் விசேசம். மெதுவாப் போனாலும் ஒம்போதுக்குள்ள போயிறலாம்.

அரிமளம் தாண்டல. பானெட்டுக்குள்ளேர்ந்து இட்லிக் குண்டானைத் தொறந்த மாதிரி ஆவி. ஓரங்கட்டித் தொறந்து பாத்தேன். ரேடியேட்டர்ல பொட்டுப் பொட்டா ஓட்டை. அம்புட்டு வருசமா அந்த ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு இருந்ததே துருதான். அதைத்தான் நான் ஒரு வாரமா உயிரைக் குடுத்துக் கழுவி விட்டிருக்கேன்.

"இப்ப என்ன பண்றது?"ன்னு செல்வி கேட்டா.

இந்திக்காரரு ஒரு வீடியோவுல ரேடியேட்டருக்குள்ள மஞ்சத்தூளைக் கொட்டுறதைப் பாத்திருக்கேன். ஓட்டையைப் போய் அடைக்கும். நான் மெதுவாப் பின் சீட்டைத் திரும்பிப் பாத்தேன்.

"ஏங்க, அது கயலுக்கு."

"ஒரு டப்பா மட்டும்."

சூடு ஆறட்டும்னு காத்திருந்து, மஞ்சளைக் கொட்டி, குடிக்க வச்சிருந்த தண்ணியெல்லாம் ஊத்துனேன். ஒழுகுறது கொறைஞ்சிருச்சு. மூஞ்சியெல்லாம் மஞ்சளோட நான் வண்டியில ஏறுனேன். காரு ரசம் கொதிக்கிற வாசத்தோட கெளம்புச்சு.

"குளிச்சு மஞ்சள் பூசியாச்சு," ன்னா செல்வி. "அடுத்து அக்கா என்ன கேக்குறாளோ."

அக்கா ரொம்ப நேரம் யோசிக்கல. வெயில் ஏறுனதும் பெட்ரோல் பம்ப்பு சூடாகி, இருமி இருமி ஒரு புளியமரத்தடியில நின்னுருச்சு. பம்ப்பு மேல ஈரத்துணி சுத்தணும், அவ்வளவுதான். துணிக்கு என்ன பண்றது? சீர்த்தட்டுல ரவிக்கைத்துணி இருந்துச்சு. நனைக்கத் தண்ணிக்கு என்ன பண்றது? தேங்கா இருந்துச்சு. ஒவ்வொண்ணா ரோட்டோரக் கல்லுல ஒடைச்சு, அந்தத் தண்ணியைப் பம்ப்பு மேல ஊத்துனேன். அப்பத்தான் செல்வி மூக்கை உறிஞ்சுனா.

"பெட்ரோல் நாத்தம் வருது."

குனிஞ்சு பாத்தா, நான் பளிச்சுன்னு தேச்ச எடத்துலேர்ந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது. பெட்ரோல் டேங்க் ஓட்டைக்குச் சோப்பு. இது எங்கப்பா காலத்து வைத்தியம், எனக்கே தெரியும். கயலுக்கு வாங்குன சந்தன சோப்பை எடுத்துத் தேச்சு அடைச்சேன்.

அந்த நேரம் பாத்து மொபெட்ல ஒரு பெரியவரு வந்து நிறுத்துனாரு. வாயில பீடி. கங்கு செவசெவன்னு இருக்கு. பெட்ரோல் சொட்டுன எடத்தைப் பாத்து நடந்து வர்றாரு. கிட்ட வராதீங்கன்னு கெஞ்சுற மாதிரி ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அவரு எங்களைப் பாத்தாரு. மஞ்சள் வழியிற பானெட்டு, ஒடைச்ச தேங்கா, தட்டுல பழம், துணி சுத்துன எஞ்சினு, கைகூப்பி நிக்கிற புருசன் பொண்டாட்டி. பீடியைத் தூரத் தூக்கிப் போட்டுட்டு, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, அவரும் காரைப் பாத்துக் கும்பிட்டாரு.

"புது வண்டிக்கா பூசை?"ன்னு கேட்டவரு, கொஞ்சம் தலையைத் தூக்கிக் காரை முழுசாப் பாத்துட்டு, "இதுக்கா?"ன்னாரு.

"ஒடம்பு சரியில்லைங்க ஐயா," ன்னா செல்வி.

"எல்லாம் சரியாப் போயிரும் தாயி," ன்னு ஒரு வாழைப்பழத்தைப் பிரசாதமா எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

வண்டி கெளம்புச்சு. அறந்தாங்கி தாண்டுச்சு. எனக்குத் தெம்பு வந்து, மொத தடவையா ஒரு பாட்டை முணுமுணுத்தேன். அது பொறுக்கல அக்காவுக்கு. சாட்டையால அடிச்ச மாதிரி ஒரு சத்தம். ஃபேன் பெல்ட்டு அந்துருச்சு.

செல்வி பின்னாடி கையை நீட்டிக் கயலோட பட்டுப்பாவாடையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. "இதுல கையை வச்சீங்க, நான் இங்கனயே பஸ் ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

நான் என் பட்டு அங்கவஸ்திரத்தை முறுக்கி, பெல்ட்டு மாதிரி கட்டிப் பாத்தேன். கூப்பிடு தூரம் ஓடுச்சு. அப்புறம் அதுவும் திரித் திரியாப் போச்சு. கையில கிரீசு, அதைத் தொடைச்ச மூஞ்சியில கிரீசு. மேற்கொண்டு குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

போன் அடிச்சுச்சு. வள்ளி.

"அண்ணே, எங்கிட்டு வாரீங்க? மணி பத்தாகப் போவுது. கணேசண்ணன் பலகையில உக்காந்துட்டாரு. எங்க மாமியா, அவரு மடியிலயே வச்சுக் குத்திருவோம்ங்கிறாங்க. அவரு தோடு வேற கொண்டாந்திருக்காரு, எதுக்கும் இருக்கட்டும்னு."

"இரு ஆத்தா, வந்துக்கிட்டே இருக்கேன்," ன்னேன், நின்னுக்கிட்டே.

"நான் யாரையும் குத்த விடமாட்டேன். ஆனா ராகுகாலத்தை நான் புடிச்சு வைக்க முடியாதுண்ணே," ன்னா. கொரல் ஒடைஞ்சிருச்சு. அப்பா இல்லாத வீட்டுல அவளுக்குப் பொறந்தவீடுன்னா நான் ஒருத்தன்தான்.

செல்வி தட்டைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல எறங்கிட்டா. கையைக் காட்டுன பஸ்சு நிக்கல. பின்னாடி வந்த மீன் வண்டி நின்னுச்சு. கோட்டைப்பட்டினத்து வண்டி. அறந்தாங்கி மார்க்கெட்டுல மீனை எறக்கிட்டு வெறும் பெட்டியோட திரும்பிக்கிட்டு இருந்துச்சு. ஓட்டுனவரு ஒரு பாய், தாடி நரைச்சவரு.

"என்ன தம்பி, நடுவழியில சீரும் சிறப்புமா நிக்கிறீங்க?"

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து பாய். ஆவுடையார்கோவில் தாண்டிப் போகணும், பத்தரைக்குள்ள. நான்தான் தாய்மாமன்."

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "தாய்மாமனா. காரை இங்கிட்டே விட்டுட்டு ஏறுங்க, போவோம்."

செல்வி ஒரு கால ஏத்தி வச்சுட்டா. நான் காரையும் பாத்தேன், அவளையும் பாத்தேன். "வண்டியை இப்படி ரோட்டுல விட்டுட்டு எப்படி..."

"பாய்," ன்னா செல்வி, "கயிறு இருந்தா கட்டிருங்க. இவரு அக்காவை விட்டுட்டு வரமாட்டாரு."

படகு கட்டுற கயிறு. நிமிசத்துல முடிச்சுப் போட்டுட்டாரு. செல்வியும் தட்டும் முன்னாடி அவரோட. நான் பின்னாடி காருக்குள்ள, ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு.

கெளம்புனதும்தான் ஒண்ணு புரிஞ்சுச்சு. மீன் பெட்டியில உருகுன ஐஸ் தண்ணி காத்துல சிலுசிலுன்னு என் கண்ணாடி மேல அடிக்குது. ஒண்ணும் தெரியல. வைப்பர் போடணும். வைப்பர் போடணும்னா ஹார்ன் அடிக்கணும். அடிச்சேன்.

தாய்மாமனுக்கு அவசரம்னு நெனச்சுப் பாய் வண்டியை விரட்டுனாரு. விரட்டுனா இன்னும் தண்ணி அடிக்குது. நான் இன்னும் ஹார்ன் அடிக்கிறேன். அவரு இன்னும் விரட்டுறாரு. கடைசியில கண்ணாடியை நம்பாம சன்னல் வழியாத் தலையை வெளிய நீட்டி ஓட்டுனேன். மஞ்சளும் கிரீசும் பூசியிருந்த மூஞ்சியில மிச்சம் இருந்த எடத்தையெல்லாம் மீன் தண்ணி நெரப்புச்சு. ஆவுடையார்கோவிலை நான் பாக்கல. கடந்துச்சுன்னு பின்னாடி செல்வி சொல்லித்தான் தெரியும்.

கோயில் வாசல்ல மேளக்காரங்க காத்திருந்தாங்க. தாய்மாமன் வண்டி வந்தா அடிக்கணும்னு அவங்களுக்கு உத்தரவு. விடாத ஹார்ன் சத்தத்தைக் கேட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சனம் மொத்தமும் ஆரத்தித் தட்டோட ஓடி வந்துச்சு. மொதல்ல மீன் வண்டி வந்துச்சு. அப்புறம் கயிறு வந்துச்சு. அதுக்கும் அப்புறம் நான் வந்தேன், தலை மட்டும் வெளிய. ஆரத்தி எடுக்க வந்த பொம்பளை ஒருத்தவங்க தட்டோட ரெண்டடி பின்னாடி போயிட்டாங்க.

கதவை வெளிப்பக்கமாத் திருகி எறங்கி ஓடுனேன். பலகையில கணேசன், மொட மொடன்னு சட்டை. அவன் மடியில கயல், தொண்டை கிழிய அழுகை. எதிர்ல ஆசாரி கையைப் பெசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. காது குத்துற ஊசியை வள்ளி புடுங்கி உள்ளங்கையில மூடி வச்சுக்கிட்டு நிக்கிறா. அவ மாமியார் கேட்டும் குடுக்கல, புருசன் கேட்டும் குடுக்கல.

என்னைப் பாத்தா. கையைத் தொறந்து ஊசியை ஆசாரிகிட்ட நீட்டுனா. அப்புறம்தான் என் மூஞ்சியைச் சரியாப் பாத்தா.

"அய்யனாரே," ன்னா மெதுவா.

கணேசன் எந்திரிச்சு எடம் விட்டான். அதைச் சொல்லணும், பேசாமத்தான் விட்டான். (மூக்கைப் பொத்திக்கிட்டு.) நான் உக்காந்தேன், கயலை மடியில வச்சாங்க. அழுதுக்கிட்டு இருந்த புள்ள என்னை நிமிந்து பாத்துச்சு. மஞ்சள், கறுப்பு, நடுவுல ரெண்டு கண்ணு. அழுகை பாதியில நின்னுச்சு. வாய் தொறந்தது தொறந்தபடி, கண்ணை இமைக்காம என்னையே பாக்குது. ஆசாரி தொழில் தெரிஞ்சவரு, அந்தச் சந்துல ஒரு காதைக் குத்தி, மறுகாதையும் குத்தி, தோட்டை மாட்டி முடிச்சுட்டாரு. கயலுக்குத் தெரியவே இல்ல. என் கன்னத்தை ஒரு வெரலால தொட்டுப் பாத்து, "மாமா, ச்சீ," ன்னுச்சு, அவ்வளவுதான். நான் போய் மூஞ்சியைக் கழுவிட்டு வந்தப்பதான் வீல்னு அழுதுச்சு. யாரோ புது ஆளுன்னு.

அப்புறம் சீரு. பட்டுப்பாவாடை தப்பிச்சிருந்துச்சு. மிச்சத் தட்டுல பாதி ஒடைஞ்ச தேங்கா, ஒரு பக்கம் தேஞ்ச சோப்பு, கொறைஞ்ச பழம். ஒரு தட்டு சுத்தமாக் காலி. அதைப் பாத்த பாய் வண்டிக்குப் போய், வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருந்த பெரிய கொடுவா மீனைக் கொண்டாந்து அந்தத் தட்டுல வச்சாரு. "வெறுந்தட்டை எறக்காதீங்க தம்பி, தங்கச்சி வீடு." கெடாவெட்டு நடக்குற கோயிலு, யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு சீப்பு பழத்தையும் கற்கண்டையும் அவர் வண்டியில வச்சு அனுப்புனோம்.

அன்னையிலேர்ந்து எங்க சொந்தத்துல எந்தப் புள்ளைக்கு ஊசி போடணும்னாலும் எனக்குத்தான் போன் வருது. "மாமா, அந்த மேக்கப்போட கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்"ங்கிறாங்க. கணேசன்தான் இதை ஆரம்பிச்சு வச்சவன்.

செல்விக்கும் எனக்கும் மட்டும் அந்தப் பந்தயம் தீரல.

"பத்தரைக்குள்ள கோயில் வாசல்ல நின்னாளா இல்லையா?"

"இழுத்துக்கிட்டு வந்தாங்க."

"எப்படி வரணும்னு நீ சொல்லலையே."

இப்படியே வருசம் ஓடிப்போச்சு. காரு வாசல்லதான் நிக்குது. ரேடியேட்டரை மாத்திட்டேன், டேங்க் ஓட்டையை ஈயம் வச்சுப் பத்த வச்சுட்டேன். ஒரு விசயத்துல மட்டும் திருந்திட்டேன், அவளை இப்ப நான் கழுவுறதே இல்ல.

போன வைகாசியில வள்ளியோட சின்னவனுக்குக் காதுகுத்து. மறுபடியும் கார்லதான் போனோம். (கேக்காதீங்க.) செல்வி இந்தத் தடவை முன்ஜாக்கிரதையா ஒரு தட்டு தனியாக் கட்டி டிக்கியில வச்சுட்டா, காருக்குன்னே. மஞ்சத்தூள், சோப்பு, தேங்கா, பழைய ரவிக்கைத்துணி, புது ஃபேன் பெல்ட்டு. வழியில ஒண்ணுமே ஆகல. அக்கா சமத்தாப் போய்ச் சேந்தா. வாசல்ல எறங்குனதும் பொம்பளைங்க டிக்கியைத் தொறந்து இருக்குற தட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு மேளத்தோட நடந்துட்டாங்க. அதையும் சேத்து.

நான் தடுக்கப் போறதுக்குள்ள யாரோ பெல்ட்டு மேல மல்லிகைப்பூவை வச்சிருந்தாங்க. வள்ளியோட மாமியார் ஒவ்வொரு தட்டா வாங்குனாங்க. பெல்ட்டுத் தட்டையும் வாங்குனாங்க. ஒரு நிமிசம் உத்துப் பாத்தாங்க. எங்க வீட்டுச் சீரு எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாதா? சந்தனத்தைத் தொட்டு, குங்குமம் வச்சு, அய்யனார் முன்னாடி மத்த தட்டோட வரிசையில வச்சுட்டாங்க.

விசேசம் முடிஞ்சதும் அந்தத் தட்டை மட்டும் எங்க கையிலயே திருப்பிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெல்ட்டைத்தான் மாட்டுனேன். செல்வி பக்கத்துல வந்து நின்னு, பானெட்டுக்குள்ள எட்டிப் பாத்தா. குங்குமம் இன்னும் அழியாம இருந்துச்சு.

"சரி," ன்னா. "முறைப்படி சீரு வாங்கிட்டா. இனிமே அக்கா இங்கயே இருக்கட்டும்."